துரைக்கு முதுகு காட்டாத வீதி

தங்கச்சி ஐந்தாம் வகுப்புப் பாஸ் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பிய அன்றே அவளுடைய படிப்பு முடிந்துவிடும் போலிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. பெரிய பள்ளிக்கூடம் துணுக்காயில், எட்டு மைல்.

"பஸ் வந்தால் போகட்டும்," என்றார் எங்கள் தகப்பனாரான அப்பு. "நடந்து போறதெண்டால் வேண்டாம். யானை திரியிற காடு."

நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு உத்தியோகக் கடிதத்துக்காகக் காத்திருந்த காலம் அது. எங்கள் பரம்பரையில் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். எனக்கு முந்தியவர்கள் எல்லாரும் பெருவிரல். ஆகவே பஸ் கேட்டு மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. தயிர்ப்பானையோடு நடப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பிள்ளைத்தாய்ச்சிகள், ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பெண்பிள்ளைகள் என்று நான்கு பக்கம் எழுதினேன். ஓர் அதிகாரி வந்து வீதியில் நடப்பவர்களை எண்ணிப் பார்ப்பார் என்று பஸ் கந்தோரிலிருந்து பதில் வந்தது.

அவர் காரில் வந்து எண்ணினார். அங்கேதான் காரியம் பிழையாகிவிட்டது.

எங்கள் வீதியில் அந்நாளில் கார் என்றால் அதிகாரி, அதிகாரி என்றால் துரை. கார்ச் சத்தம் ஒரு மைலுக்கு அப்பால் கேட்கும்போதே ஆட்கள் வீதியை விட்டு இறங்கிவிடுவார்கள். விறகு கொண்டு வருகிறவர்கள் பெர்மிட் இல்லாத பயத்தில் இறங்குவார்கள், மற்றவர்கள் மரியாதையில், மாடுகள் பழக்கத்தில். தோளில் கிடக்கும் சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வீதியோரத்து ஈச்சம் புதர்ப் பற்றைக்குள் நின்று, கார் போய்ப் புழுதி அடங்கிய பிறகு ஏறுவார்கள்.

நான் படித்தவன். அன்று மனுவின் பிரதியோடு மதகடியில் நின்றேன், அதிகாரிக்கு "குட் மோர்னிங்" சொல்வதற்காக. சத்தம் கேட்டது. வாய் ஆயத்தமாகத்தான் இருந்தது. கால்கள் பற்றைக்குள் போய்விட்டன.

பதில் ஆங்கிலத்தில் வந்தது. சங்கக்கடை வாசலில் வைத்து எல்லாருக்கும் தமிழில் சொன்னேன். இவ்வீதியில் நடப்பவர் எவரும் இல்லை. இது மோட்டார் வாகனங்களுக்கே பயன்படும் வீதி. ஆகவே பஸ் தேவையில்லை. கார்கள் விரைவாகப் போக வீதியை அகலமாக்கச் சிபாரிசு செய்யப்படுகிறது.

"நடக்கிறவை ஆரும் இல்லையாமோ?" என்றார் தயிர் விற்கிற அக்கா. "அப்ப நான் ஆர்?"

சைக்கிளில் புடவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அங்கே நின்றார். நாங்கள் அவரை நானா என்போம். "நீங்க பத்தைக்குள்ள நிக்கிற ஆள், அக்கா," என்றார். "அதுக்கு வேற கந்தோர்."

சொன்னபடியே வீதி அகலமாகியது. ஓரத்து ஒற்றையடிப் பாதை போயிற்று. நிழலுக்கு நின்ற பாலை மரங்களும் போயின. வெட்டிய கூலியாட்கள் எங்கள் ஊரவர்களே. ஒவ்வொரு நாளும் நான்கு மைல் நடந்து போய், நடப்பவர் இல்லாத வீதியை அகலமாக்கிவிட்டுத் திரும்பவும் நடந்து வந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் ஓவசியரின் கார் வந்தால் மண்வெட்டியோடு பற்றைக்குள் இறங்கினார்கள். வேலை முன்னேற முன்னேறப் பற்றை தூரப் போய்க்கொண்டிருந்தது, ஓடத்தான் வேண்டியிருந்தது.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும். தங்கச்சிக்கு வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. நான் இரண்டாவது மனுவை எழுதினேன். இன்னொரு முறை எண்ண வருகிறோம் என்று பதிலும் வந்தது. இம்முறை ஒருவரும் இறங்கக்கூடாது என்று குளக்கட்டில் வைத்து ஊரைப் பழக்கினேன். நானா சைக்கிளில் வந்து வாயால் கார்ச் சத்தம் போட்டார். அரைவாசிப் பேர் குளத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

"சைக்கிள் எண்டு தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"தெரியுது தம்பி," என்றார் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவர். "காலுக்குத்தான் தெரியேல்லை."

நான்கைந்து நாளில் கால்களுக்கும் தெரிந்தது. அப்போது அப்பு புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

"நீ சொல்லுற மாதிரியே வீதியில நடக்கிறம். ஆனால் துரை பின்னால வரேக்க நாங்கள் முன்னால நடந்தால் அவருக்கு முதுகெல்லோ காட்டுறம்?"

ஊர் அப்புவின் பக்கம் சாய்ந்தது. நானா நக்கலாக, "அப்ப முகத்தைக் காட்டிக்கொண்டு நடங்கோவன்," என்றார். அவர் நக்கலுக்குச் சொன்னார் என்பது எனக்கு மட்டுந்தான் விளங்கியது.

அதிகாரி வந்த அன்று நாற்பது பேர் வீதியில் நின்றோம். ஒருவரும் இறங்கவில்லை. கார் வந்ததும் எல்லாரும் அதன் பக்கம் திரும்பி, கைகட்டி, பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார்கள். வீதியை அடைத்துக்கொண்டு நடந்தபடியால் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அகலமாக்கிய வீதி அன்றுதான் உதவியது. விழுந்தெழும்ப இடம் இருந்தது. நானும் பின்பக்கமாக நடந்துகொண்டே "குட் மோர்னிங், சேர்" என்று சொன்னேன். சொல்லி முடிக்கையில் மதகுக் கட்டில் கால் தட்டி மல்லாக்க விழுந்தேன்.

அதிகாரி காரை நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் படிவம். அதில் இரண்டு கட்டங்கள்: போவோர், வருவோர்.

"நீங்கள் போறியளோ, வாறியளோ?" என்று அப்புவைக் கேட்டார்.

"போறம் ஐயா."

"முகம் என்ரை பக்கம் கிடக்கு?"

"அது ஐயாவுக்கு மரியாதை. போறது காலெல்லோ."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், எங்கள் கால்களைப் பார்த்தார், பிறகு எல்லாரையும் இரண்டு கட்டத்திலும் எழுதிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை இருக்கையில் உத்தரவு வந்தது. இவ்வீதியில் பெருந்தொகையானோர் போயும் வந்தும் மோட்டார் வாகனங்களுக்கு இடைஞ்சலாக இருப்பதால், வீதியைக் கார்களுக்குக் காலியாக்கிக் கொடுக்கும் பொருட்டுக் காலையும் மாலையும் ஒரு பஸ் விடப்படும். என் நான்கு பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சியும் தங்கச்சியும் அதில் ஓரிடத்திலும் இல்லை. பஸ் இருந்தது.

முதல் நாள் காலை சந்தியில் ஊர் திரண்டு நின்றது. தங்கச்சி வெள்ளைச் சட்டையில், அப்பு சலவை வேட்டியில். தூரத்தில் சத்தம் கேட்டது. எந்தக் காரையும்விடப் பெரிய சத்தம்.

ஒரு நிமிடத்தில் சந்தி வெறுமையாகிவிட்டது.

"இறங்கடி பிள்ளை," என்று பற்றைக்குள்ளிருந்து அப்பு கூப்பிட்டார்.

"நான் வரமாட்டன். முள்ளுக் கிழிச்சால் சட்டை போயிடும்," என்று தங்கச்சி வீதியிலேயே நின்றாள்.

பஸ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. "நாற்பது பேர் எண்டெல்லோ சொன்னவை," என்றார் சாரதி. "நீ மட்டுமோ?"

அவள் பற்றையைக் காட்டினாள். சால்வையைக் கமக்கட்டில் வைத்தபடி, முள்ளைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். மூன்றாவதாக வந்தவன் நான்.

எல்லாரும் முண்டியடித்து ஏறியதில், பஸ்ஸை நிறுத்தியவளுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. தங்கச்சி புத்தகப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு துணுக்காய் வரைக்கும் நின்றே போனாள். பக்கத்தில் நின்ற அப்பு நெடுநேரம் சாரதியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"இவ்வளவு சனம் இருக்கேக்க உவர் என்ன எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்? இதுக்கும் ஒண்டு எழுதடா."