மருந்துப் புட்டிக் கையெழுத்து

மரியநாதன் பயந்த சுபாவம். மலாயாவில் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை. புட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டுவதும் அவர்தான். ‘குலுக்கிக் குடிக்கவும். மூன்று வேளை.’ அந்த உருண்டை எழுத்து கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. வாசிக்கத் தெரியாதவர்களும் அது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

1934இல் அவர் ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். ஞாயிறு பூசை முடிந்து, அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையில் பந்தி ஓய்ந்ததும், பின்கட்டில் ஐந்தாறு பேர் உட்கார்வார்கள். ஆளுக்கொரு கதை எழுதி வருவார்கள். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை, ஒரே பிரதி. யார் பெயரும் போடுவதில்லை. வாங்கியவர் ஏழு நாளில் வாசித்து அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். எழுத்து அழகாக இருக்கிறதென்று முழுப் பத்திரிகையையும் மரியநாதனையே எழுதச் சொன்னார்கள். பெயரை மறைத்தவர்கள் கையெழுத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அவருடைய எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை.

பால்மரம் வெட்டும் வேலு தன் அக்கா செல்லத்தையும் அழைத்து வருவான். அவள் சுவரோரம் உட்கார்ந்து கேட்பாள். ஒருநாள் தனக்கும் ஒன்று இருக்கிறது, எழுதத் தெரியாது, சொன்னால் எழுதுவீர்களா என்று மரியநாதனிடம் கேட்டாள்.

சொன்னாள். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியை நடத்தும் டிரெஸர் தொட்டுப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகாமலிருக்க நாடகம் போடுகிறாய் என்று காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு விரட்டினார். மரம் வெட்டிவிட்டுத் திரும்பியபோது பிள்ளை குளிர்ந்திருந்தது.

“கதவோரம் ஒரு ஆளு புட்டியோட நின்னாரு. பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. அதையும் எழுதுங்க.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எழுதினார். அந்த வரியில் மட்டும் மை திட்டாக விழுந்தது.

அந்தக் கதையோடு பத்திரிகை சுற்றுக்குப் போன மூன்றாம் வாரம் வேலுவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அந்த வாரம் வாசிக்க அவன் முறை. தலையணைக்கடியில் அதன் நீல அட்டை தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று மரியநாதன் இரண்டு தடவை கட்டிலருகே போனார். இரண்டு தடவையும் டிரெஸர் லூயிஸின் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள் விரிப்பு மாற்றும்போது லூயிஸே அதை எடுத்தார். வேலு தனக்கு வாசிக்கத் தெரியாதென்றும், ரோட்டில் கிடந்ததைத் தலைக்கு உயரம் போதாமல் வைத்துக்கொண்டதாகவும் சொன்னான்.

இரண்டு நாள் லூயிஸ் எதுவும் கேட்கவில்லை. மரியநாதன் சீட்டு எழுதும்போது எழுத்தை மாற்றி எழுதப் பார்த்தார். வரவில்லை.

மூன்றாம் நாள் லூயிஸ் கூப்பிட்டார். மேசைமேல் பத்திரிகை விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மருந்துப் புட்டி. அந்த வருடம் காய்ச்சலில் பதினோரு பிள்ளைகள் போயிருந்தன. இது யாருடைய பிள்ளை என்று அவருக்கு நினைவில்லை.

“எழுதினது நீ. அது கெடக்கட்டும். சொன்னது யாரு? பேரச் சொல்லிட்டுப் போய் வேலயப் பாரு.”

பெயரைச் சொன்னால் அக்கா தம்பி இருவரும் மாலைக்குள் லயத்தை விட்டுப் போக வேண்டும். சொல்லாவிட்டால் தான் போக வேண்டும். வேறு எங்கும் அவருக்கு ஆள் இல்லை. மேசையை ஒட்டி நின்றார்.

“யாரும் சொல்லல, ஐயா. கதவோரம் நின்னது நான்தான்.”

லூயிஸ் புட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

கடலோர மெர்சிங்கில் ருக்னுதீன் என்பவரின் கருவாட்டுக் கொட்டகையில் மரியநாதனுக்கு வேலை கிடைத்தது. வெள்ளைக்காரத் துரை யாராவது படகுத்துறைக்கு வந்தால் தன்னைத் தேடித்தான் என்று நினைத்து மூட்டைகளுக்குப் பின்னால் போவார். கூட்டத்துப் பழைய ஆட்களுக்கு ஒரே ஒரு கடுதாசி போட்டார். அதிலும் பெயர் எழுதவில்லை, கொட்டகையின் விலாசம் மட்டும்.

நான்கு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தார். பத்திரிகை. புதிய இதழ். ஒவ்வொரு கதையும் ஒவ்வொருவர் கையெழுத்தில் இருந்தது. ஒன்று சாய்ந்து, ஒன்று எறும்பு ஊர்ந்த மாதிரி, ஒன்றில் பக்கத்துக்கு நாலு வரிதான். கண்றாவியான எழுத்துகள். இப்போதுதான் எழுதப் பழகிய கையில் இருந்த கடைசிக் கதையில் ஒரு பெண் தம்பிக்குக் கஞ்சி வைக்கிறாள். தம்பி எழுந்து உட்காருகிறான். வேறொன்றும் நடக்கவில்லை. மரியநாதன் அதை மூன்று முறை வாசித்தார்.

ஏழு நாளில் கொடுத்துவிட வேண்டும். மெர்சிங்கில் யாரிடம் கொடுப்பது? ஆறு நாள் மூட்டை கட்டும் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார். ஏழாம் நாள் கொட்டகையில் ருக்னுதீன் தனியாக இருந்தபோது போய் நீட்டினார்.

ருக்னுதீன் கையிலிருந்த செதிலைக் கைலியில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“யாரு எழுதினது?”

மரியநாதன் வாசலைப் பார்த்தார்.

“பேரு போடறதில்லைங்க. ஏழு நாள் வச்சுக்கலாம்.”