ஈப்போ வண்டி

சுங்காய்க்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், ஒருவர் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட நோயாளிகளைக் கூண்டு வண்டியில் போட்டு சுங்காய் ஸ்டேஷனுக்கு ஓட்டுவார்கள். அங்கிருந்து ரயிலில் ஈப்போ. அப்படிப் போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தை வண்டி கடக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்காரியும் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். நோவு தன் வீட்டுப் படி ஏறிவிடக் கூடாதே என்ற பயம்.

செல்லாயியும் சின்ன வயதில் அப்படி ஊற்றியிருக்கிறாள்.

அவள் அந்த லயத்திலேயே பிறந்தவள். பாவாடை தடுக்கும் வயதில் புல் பிடுங்கப் போனாள். கொஞ்சம் வளர்ந்ததும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. மலேரியாக் காய்ச்சல் தோட்டத்தையே படுக்கவைத்த வருஷம், ஆள் போதாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்க அனுப்பினார்கள். காய்ச்சல் அடங்கியும், அங்கே மருந்து கொடுத்துவந்த டிரஸ்ஸர் ஜெயபாலன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கும் போக மனமில்லை. காட்டில் அவள் கை கங்காணியுடையது, வீட்டில் அம்மாவுடையது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஆறவைக்கும்போது மட்டும் அது அவளுடைய கையாக இருந்தது.

1927ஆம் வருஷம், ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்கார மேட்ரன், பிறந்து அரைநாள்கூட ஆகாத பிள்ளையைச் செல்லாயி துடைத்துச் சுற்றுவதை நின்று பார்த்தாள். டிரஸ்ஸரிடம் ஏதோ கேட்டாள்.

“ஈப்போவுல வந்து பிரசவம் பாக்கப் படிக்கிறியான்னு கேக்குறாங்க. அங்கேயே தங்கணும். கல்யாணம் ஆகாத பொண்ணா இருக்கணுமாம்.”

“வாரேன்னு சொல்லுங்கய்யா.”

யாரையும் கேட்காமல் அவள் சொன்ன முதல் பதில் அது.

ஆனால் கங்காணி பழனியப்பன் தன் தங்கை மகன் அர்ச்சுனனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார். தை பிறந்தால் கல்யாணம். கங்காணி தலையசைக்காமல் தோட்டத்து கேட்டைத் தாண்டவும் முடியாது. காவலுக்கு ஜாகாக்காரன் கம்போடு நிற்பான். அவரிடம் பேசத் தைரியம் வேண்டுமே என்று செல்லாயியின் அப்பா ராமையா முதலில் கள்ளுக்கடைக்குப் போனார். தைரியம் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது.

“எம் மக ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போறா, தெரியுமா?” என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

கடையே அடங்கிப்போனது. பக்கத்தில் இருந்தவன் தன் கள்ளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து தள்ளிப்போனான். படிப்புக்கு என்ன மரியாதை என்று பூரித்து, அதையும் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார் ராமையா.

மறுநாள் அர்ச்சுனன் வீட்டிலிருந்து நிச்சயத்துக்கு வைத்த வெற்றிலைத் தட்டு திரும்பி வந்தது. குழாயடியில் செல்லாயியின் அம்மா நல்லம்மாளிடம், “ஒங் கொடத்த அப்பால வையி அக்கா. நாங்க புள்ளகுட்டிக்காரங்க” என்றார்கள்.

நல்லம்மாள் வெறுங்குடத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“நான் போய் சொல்லிட்டு வாரேன். எம் பொண்ணு கல்லு மாதிரி இருக்கா, படிக்கத்தான் போறான்னு.”

“சொல்லும்மா. சொல்லிட்டு, தையில தாலியும் கட்டி வச்சிரு.”

“சொல்லாட்டி? நீ போயிருவ. நான் இங்கதானடி கெடக்கணும். நோவுக்காரியப் பெத்தவன்னு ஒருத்தி தண்ணி புடிக்க விடுவாளா?”

செல்லாயி அந்த வெறுங்குடத்தைப் பார்த்தாள். அம்மா சொன்னது பொய்யில்லையே. தான் போகும் வழியில் அம்மாவின் குடத்தை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். போகாவிட்டால் அர்ச்சுனன் வீட்டு அடுப்படி.

சாயங்காலம் கங்காணியே வந்தார். வாசலுக்கு வராமல் கோழிக்கூண்டுக்கு அப்பால் நின்று, துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

“ஏன்டா ராமையா, நெஞ்சுநோவுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? எம் மருமவன் தலையில கட்டப் பாத்தியே.”

“ஐயோ, நோவெல்லாம் இல்லீங்க, அவ வந்து…”

கதவுக்குப் பின்னால் செல்லாயி இருமினாள். சயரோகக் கட்டிலில் நாளெல்லாம் கேட்ட இருமல்: அடிவயிற்றில் தொடங்கி, தொண்டையில் ஈரமாக முடிவது. ராமையாவின் வாய் அப்படியே நின்றது.

கங்காணி இன்னும் தள்ளிப்போனார். “வெள்ளிக்கெழம வண்டியில ஏத்திரு. கேட்டுல நான் சொல்லிக்கிறேன்.”

எப்போது திரும்புவாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டவள் நல்லம்மாள்தான், வியாழக்கிழமை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே.

“படிச்சிட்டு இங்க வருவேல்ல?”

“வந்தா யாரும்மா அவங்க பிள்ளைய எங் கையில குடுப்பா?”

அதற்குமேல் பின்னல் மட்டும் இறுகியது.

வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரி வாசலில் டிரஸ்ஸர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கம்பளியை நீட்டினார். வண்டிக்குள் கால் வீங்கிய கிழவர் ஒருவர் ஏற்கெனவே கிடந்தார். பக்கத்தில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தாள், ஆயுசிலேயே அன்றைக்குப்போல உடம்பு திடமாக இருந்ததில்லை. கூண்டுக்குள் வெயில் புழுங்கியது.

லயம் வந்தது. ஒவ்வொரு வாசலாகத் தண்ணீர் விழும் சத்தம். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூண்டுப் பாயின் கிழிசல் வழியாகத் தன் வீட்டைத் தேடினாள்.

அப்பா சுவரைப் பார்த்து நின்றார். அம்மா சொம்போடு வாசலில் இருந்தாள். சொம்பு சாயவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் உள்ளே போகாமல் அவளையே பார்த்தார்கள். பெற்றவள் ஊற்றாவிட்டால் இந்த நோவு நிஜமில்லை என்று தெரிந்துவிடும். கேட்டுக்குள்ளேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

‘ஊத்தும்மா’ என்று செல்லாயி கம்பளியைக் கடித்துக்கொண்டாள்.

தண்ணீர் விழுந்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் படி காய்ந்தே கிடந்ததை அவள் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்குத் தெரியாமல் உடம்பால் மறைத்து, அம்மா வாசலோரத்து வாழைத் தூரில் ஊற்றியிருந்தாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஜாகாக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான். வெளியே வந்தும் செல்லாயியால் எழுந்து உட்கார முடியவில்லை. வண்டியோட்டி தோட்டத்து ஆள். சுங்காய் வரைக்கும் அவன் காது பின்னால்தான் இருக்கும்.

கிழவர் மெல்லத் தலையைத் திருப்பினார். “ஒனக்கு எத்தன நாளா ஆயி இப்பிடி?”

அவள் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு இருமினாள்.