சுந்தரவேலு அண்ணன் தூக்கிய நான்கு அங்குலம்

நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை ஆறு பத்து. எழுந்து பார்த்தபோது கைப்பேசியில் தவறிய அழைப்புகள் ஒன்பது. ஒன்பதும் நல்லவாட்டு பிக்கப் ஓட்டுநர்களான உங்களிடமிருந்து. முதலில் கிடைத்தவர் சொன்னது இதுதான்: "அண்ணன் பூட்டாருபா. வண்டிய இன்னா பண்றதுன்னே தெரியல." சாவும் வண்டியும் ஒரே மூச்சில் வந்தன. யாரோ தவறிப்போய் அப்படிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. வீட்டு வாசலில் நீங்கள் கட்டிய பேனரிலும் அவர் முகத்தைவிட வண்டிதான் பெரிதாக இருந்தது.

படத்திறப்பு அன்று வாசிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றீர்கள். எழுதியிருக்கிறேன். நல்லதாக இருக்கிறதா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

சுந்தரவேலு அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. நல்லவாட்டில் படகு கரை சேர்ந்ததும் மீன் கூடைகளையும் கூடைக்காரப் பெண்களையும் டீசல் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வில்லியனூர் சந்தைக்கு வருவார். சந்தைக்குப் பக்கத்து டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறவன் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்திருக்கிறேன். அதனால் அவருக்கு நான் 'இன்ஜினியரு'. அந்தச் சொல்லை அவர் மரியாதைக்காக ஒருநாளும் சொன்னதில்லை.

ஊர்க்கண் பட்டுத்தான் செத்தார் என்று வாசலில் பேசிக்கொண்டீர்கள். அவரைச் சாய்த்தது இரத்த அழுத்தம். மாத்திரை அட்டை பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடந்தது. கண்ணுக்காக பம்பரில் பூசணிக்காய் முகம் கட்டியவருக்கு மாத்திரை போட நேரமில்லை. கட்டச் சொன்னது யார் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டியை அவர் உயர்த்தியது மீன்பிடித் தடைக்காலத்தில். படகெல்லாம் கரையில், வண்டி சும்மா. கையில் போன் இருந்தால் சும்மா இருக்கிற மனிதன் என்ன செய்வான்? ஏதோ ஒரு நாட்டில் பாறை மேல் ஏறுகிற பிக்கப்பின் வீடியோவைக் காட்டி, "இத மாரி தூக்கிக் குடுடா" என்றார்.

"அண்ணே, நல்லவாட்டுல மலை எங்க இருக்குது?"

"மலை இல்லன்னா இன்னா? வண்டி வந்தா தெரியணும்டா."

உட்கார வைத்துச் சொன்னேன். டயர் பெரிதானால் இழுவை குறையும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வண்டி உயர்ந்தால் சுமையும் உயரும், வளைவில் சாயும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீ கணக்குப் போடு, நான் ஓட்றேன்" என்றார். நான் மாட்டித் தரமாட்டேன் என்றேன். டவுனில் ஒரு கடைக்குப் போனார். கூட நீங்கள் ஏழு பேர். பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை, முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் வளையம். அதில் மூன்று அங்குலம். டயர் இரண்டு அங்குலம் பெரிது, அதில் பாதிதான் உயரத்தில் சேரும், ஓர் அங்குலம். ஆக நான்கு. எந்த டயர் என்று நீங்கள் முடிவு செய்தது எப்படி? பக்கவாட்டில் வெள்ளை எழுத்து எதில் எடுப்பாக இருக்கிறது என்று பார்த்து. ஏழு ஓட்டுநர்கள், எல்லோரிடமும் லைசென்ஸ், ஒருவர் கையிலாவது அளக்க ஒரு டேப் இருந்ததா? செல்ஃபி எடுத்தீர்கள்.

தடை முடிந்த முதல் நாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. அதுவரை வண்டியில் யாரும் சரக்கு ஏற்றவில்லையே. செண்பகம் அக்கா கூடையை இடுப்பிலிருந்து வழக்கம்போல் வீச, அது பின்கதவில் மோதி நெத்திலி முழுக்க மண்ணில் கொட்டியது.

"இன்னாடா சுந்தரம், மாடி கட்டிட்டியா? கிரகப்பிரவேசத்துக்கு எங்கள கூப்புடவே இல்ல?"

"லிஃப்ட் எந்தப் பக்கம்டா?" என்றாள் இன்னொருத்தி. அன்று பாதிப் பேர் வேறு வண்டியில் போய்விட்டார்கள்.

மூளையுள்ள எவனும் அன்றைக்கே வண்டியை இறக்கியிருப்பான். இவர் என்ன செய்தார்? ஆங்கிள் இரும்பு வாங்கி, இரண்டு படி வைத்து வெல்டிங் அடித்து, பின்கதவில் கொக்கி போட்டு மாட்டினார். காக்கா எச்சம் மாதிரி வெல்டிங். அந்தப் படி தானாக இறங்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜினை அணைத்து, இறங்கி, பின்னால் போய், படியை மாட்டி, கூடையை வாங்கி மேலே வைத்து, கை கொடுத்து ஏற்றி, படியைக் கழற்றி வைத்து, மறுபடி ஏறி உட்கார வேண்டும். சந்தைக்கு வருவதற்கே தாமதம் ஆனது.

"தப்பு பண்ணிட்டு அதுக்கு ஸ்பேர் பார்ட் வேற பண்ணிருக்கீங்களே அண்ணே" என்றேன்.

"தப்பு கெடக்கட்டும்டா. படி நல்லாருக்கா, அத்த சொல்லு."

இல்லை என்றேன். சிரித்தார்.

போன மழையில் நடந்ததைப் பற்றி உங்களில் யாரும் பேசவில்லை. ஐஸ் பெட்டி நிறைய சரக்கு, பக்கத்தில் அவர் மனைவி வளர்மதி அண்ணி. அரியாங்குப்பம் தாண்டி ஒரு வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. திரும்பத் தரையில் விழுந்தபோது அண்ணியின் நெற்றி கண்ணாடியில் மோதியது. "பறந்துட்டோம்ல!" என்றாராம் இவர். அண்ணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

காரியம் முடிந்த அடுத்த திங்களிலிருந்து அதே வண்டியை அண்ணிதான் ஓட்டப்போகிறார். லைசென்ஸ் இருக்கிறது. வேறு பிழைப்பு இல்லை. நீங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு: அண்ணன் ஆசையாகச் செய்தது, அப்படியே இருக்கட்டும். அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னது வேறு.

"பிரேக் மிதிச்சா நிக்கற மாரி பண்ணிக் குடு தம்பி. அவுரு ஆசையெல்லாம் படத்துல இருக்கட்டும்."

டேப் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் அண்ணனின் தம்பி ஏழுமலை வாசலை மறித்து நிற்கிறார். "அண்ணன் நெனப்புல கை வைப்பியாடா?"

"அந்த நெனப்பு கவுந்தா அடியில கெடக்கறது நீயா, அண்ணியா?"

அவரை ஒதுக்கிவிட்டு வண்டிக்குப் போனேன்.

பின்பக்கம் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது செண்பகம் அக்கா வந்து நின்றாள்.

"எறக்கிடு. படிய மட்டும் தொட்டே, பாரு."

"எறக்கிட்டா படி எதுக்குக்கா? கூடை எட்டுமே."

"எட்டும்டா. கல்யாணம் ஆன நாள்லேந்து எத்தினியோ வண்டி ஏறிட்டேன். ஸீட்ட விட்டு எறங்கி வந்து கூடைய வாங்கினவன் அவன் ஒருத்தந்தான். படி வர்றதுக்கு முன்னாடி அவனுந்தான் எறங்கல. ஆரன் அடிப்பான். நாங்க ஓடுவோம்."

நான் படித்த எந்தக் கணக்கிலும் இது வராது. அதற்காக அவர் செய்தது சரியென்று எழுதமாட்டேன். வண்டியைத் தூக்கியது மடத்தனம். கூட நின்று கைதட்டியது அதைவிடப் பெரிய மடத்தனம். அந்த மனிதர் மட்டும் தன் மடத்தனத்தின் விலையை அந்தப் பெண்கள் தலையில் வைக்காமல் தினமும் காலையில் தானே இறங்கி நடந்தார். உங்களில் யாராவது இறங்குகிறீர்களா?

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை கட்டைகளையும் வளையங்களையும் கழற்றுவேன். ஏழுமலை மறித்தால் சாவியை அவர் கையில் கொடுத்து, சரக்கு ஏற்றி, அவர் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே வளைவில் ஒருமுறை திருப்பிக் காட்டச் சொல்வேன்.

2. பழைய அளவு டயர் மாட்டுவேன். வெள்ளை எழுத்து டயர் வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். மாட்டித் தர என் கடைக்கு வராதீர்கள்.

3. பிரேக்கும் அலைன்மென்ட்டும் பார்த்து, அண்ணியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நான் உட்காருவேன்.

4. படியில் அடியிலிருந்து நான்கு அங்குலம் வெட்டி, வெல்டிங்கை ஒழுங்காக அடித்து, அதே கொக்கியில் மாட்டுவேன். கை கொடுப்பது அண்ணியின் பாடு. கொடுப்பேன் என்றார்.

5. வெட்டிய இரும்புத் துண்டு என் மேசையில் இருக்கும். இனி எவனாவது மலையேறும் வண்டியை போனில் காட்டினால் அந்தத் துண்டை அவன் எதிரில் வைத்து, "உன் வண்டில ஏறுறவங்கள மொதல்ல கூட்டினு வா" என்பேன்.