கடல் காற்றில் கறுத்த வெள்ளி

என் தங்கை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் வெள்ளிச் செபமாலை தொங்குகிறது. சங்கிலியும் சிலுவையும் அடுப்புக்கரி நிறம். மற்ற வெள்ளிச் சாமான்களை எல்லாம் முகம் தெரியும்படி துலக்கி வைத்திருப்பாள். இதைத் தொடக் கூடாது என்பது அவள் மாமியாரின் உத்தரவு. அந்த அம்மாள் காலமாகிப் பல வருடங்கள் ஆகியும் உத்தரவு நடப்பில் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழுக்கு நிருபர். கொழும்புத் தோணியில் வேலை பார்த்த என் தம்பி, அதே தோணியில் இருந்த சிநேகிதனுக்குத் தங்கையைப் பேசி முடித்திருந்தான். யாருக்காவது தடை உண்டா என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு ஊரறியக் கேட்கும் கல்யாண ஓலையில் இரண்டு முடிந்திருந்தது. தம்பி கொழும்பு போய்வந்த அந்த நடையில் சம்பந்தத்தோடு சொறியையும் கொண்டு வந்திருந்தான். நிச்சயதார்த்தத்தன்று அவன் மட்டும் சொறிந்தான். இரண்டாம் ஓலைக்குள் வீடே சொறிந்தது. தங்கை விரலிடுக்குகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டே நடமாடினாள். “பொண்ணுக்குச் சொறின்னு அந்த வீட்டுல தெரிஞ்சா மூணாவது ஓலையில கல்யாணம் நின்னுரும்ல” என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு டிஸ்பென்சரி. அங்கே கம்பவுண்டர் கண்ணாடிப் பலகையில் கந்தகப் பொடியைக் கொட்டி, சில சொட்டு எண்ணெய் விட்டு, தட்டைக் கத்தியால் நறநறப்புப் போகும்வரை தேய்த்தார். பிறகு வாஸ்லினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். வைகாசி வெயிலில் களிம்பு உருகி ஓடாமலிருக்கத் தேன்மெழுகும் கலந்தார். பலகையில் மஞ்சளாக ஒரு குன்றே எழுந்தது.

“இம்புட்டு எதுக்கு அண்ணாச்சி? எங்க வீட்டுல ஆறு பேருதான்.”

“தூத்துக்குடியில உங்க வீட்டுல மட்டுந்தான் மனுசங்க இருக்காவளா தம்பி?” என்றார், தலை நிமிராமல். பிறகு உத்தரவு வந்தது: “வீட்டுல எல்லாரும் ஒரே நாளுல பூசணும். கழுத்துல இருந்து கால் வரைக்கும். ஒருத்தர விட்டாலும் திரும்ப வந்துரும். மூணு நாளைக்குக் குளிக்கப்படாது.”

பூசினோம். தீக்குச்சி ஆலைக்குள் குடியிருப்பது போல வீடு நாறியது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தில் போட்ட வெள்ளிக் கொலுசைத் தாலி ஏறும்வரை கழற்றக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், கொலுசுக்கு மேலேயே களிம்பு ஏறியது; கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை மாப்பிள்ளையின் அம்மா மோதிர அளவு எடுக்க நூலோடு வந்து நின்றார். கண்டிப்பானவர் என்று மட்டுமே அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். அம்மா ஓடிப்போய்ச் சாம்பிராணி போட்டாள். இரண்டு நாற்றங்களும் சேர்ந்துகொண்டன. வந்தவர் மூக்கைச் சுளிக்கவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். அவர் பார்வை தங்கையின் காலில் போய் நின்றது.

“ஏளா, கொலுசு ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?”

தங்கை காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா முந்திக்கொண்டாள். “கடல் காத்து மதினி. இந்த வருசம் காத்துல உப்பு கூடுதலு.”

அந்த அம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துச் செபமாலையை வெளியே எடுத்தார். சங்கிலி, சிலுவை எல்லாம் கன்னங்கரேல். பையிலிருந்து வந்த வாடை எங்கள் வீட்டு வாடைதான்.

“எங்க வீட்டுலயும் இதே கடல் காத்துதான் அடிக்கு, மதினி.”

அம்மா “சேசு மரி சூசை” என்று நெஞ்சில் கை வைத்தவள், அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாளும் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒரே தோணி, ஒரே பாயி. எவன் எவனுக்குக் குடுத்தான்னு அந்தக் கடலுக்குத்தான் வெளிச்சம். நீங்க மோப்பம் பிடிச்சிட்டீங்களோன்னு பாக்கத்தான் மதினி நான் நூலைத் தூக்கிட்டு வந்தேன். ஓலை நின்னுருமோன்னு எனக்கு உறக்கமே இல்ல.” மூச்சு வாங்கிவிட்டு, “எங்க டப்பா காலி. மிச்சம் இருந்தா தாங்க” என்றார். அம்மா நீட்டிய டப்பாவிலிருந்து ஒரு விரல் களிம்பை எடுத்துத் தங்கையின் விரலிடுக்கில் அவரே பூசினார். மோதிர அளவெடுக்க வந்த நூல் களிம்பில் வழுக்கிக்கொண்டே போனது.

மூன்றாம் ஓலைக்கு யாரும் தடை சொல்லவில்லை. கோவிலில் எங்கள் இரு குடும்பங்களைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடந்தது.

இப்போது களிம்பு டியூபில் வருகிறது, வாசனைகூட இல்லை. போன மாதம் தங்கையின் பேத்தியைப் பெண் கேட்டு வந்தவர்களில் பையனின் அம்மா, ஆணியில் தொங்கிய செபமாலையைப் பார்த்து, “வெள்ளி ஏன் இப்படிக் கறுத்திருக்கு?” என்று கேட்டார்.

“கடல் காத்தும்மா” என்றாள் தங்கை. சொல்லும்போதே அவள் கண் அந்த அம்மாளின் விரலிடுக்குகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது.