825க்குப் பதில் 852

மேல்சித்தாமூர் ஜினசேனனுக்குக் கையெழுத்துதான் சொத்து. செஞ்சியில் கோட்டைக்குப் போகிற சாலையில் இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் அவருக்குப் பதிவேட்டு கிளார்க் வேலை கிடைத்ததே அதனால்தான். 1963இல் மேலிடத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்று வந்தது. இனி காயத்தைப் பெயரால் எழுதக்கூடாது, எண்ணால்தான் எழுத வேண்டுமாம். பாதத்து எலும்பு முறிந்தால் 825. கால்விரல் என்றால் 826. மூளையில் அடி என்றால் 852. கோட்டைப் படியில் சறுக்கி வருகிறவர்கள் புண்ணியத்தில் 825 அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கடைசியில் அந்த எண்ணில்தான் கை பிசகியது.

அவலூர்பேட்டை பஸ் டிரைவர் ஆதிமூலத்தின் இடது பாதத்தில் ஸ்டெப்னி டயர் விழுந்தது. டாக்டர் அரிகிருஷ்ணன் மாவுக்கட்டுப் போட்டார். ஜினசேனன் லீவு சான்றிதழில் முத்து முத்தாக 852 என்று எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துக்கொண்டு வேலைக்குப் போன ஆதிமூலம், அரை மணியில் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றார்.

"சார், எனுக்கு மூளையில அடின்னு எழுதிட்டீங்களாமே. இன்சூரன்ஸ்காரங்க புத்தகத்தைப் பாத்துச் சொல்லிட்டாங்களாம். ஸ்டேரிங்க தொடக்கூடாதுன்றாங்க."

"உனக்குக் காலுதானேப்பா உடைஞ்சுது?"

"நானும் அதத்தான் சொன்னேன். மூளையில அடிபட்டதாலதான் காலுன்னு சொல்றான்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

ஜினசேனன் பதிவேட்டைப் புரட்டினார். அங்கேயும் 852. பதினோரு வருஷ வேலையில் முதல் பிழை. பதிவேட்டை இடுக்கிக்கொண்டு பஸ் கம்பெனிக்கே போனார்.

மேனேஜர் துரைக்கண்ணு நிதானமாகக் கேட்டார். "நம்பர் தப்புன்னு யாரு எழுதிக் குடுப்பா?"

"நான்தான் சார்."

"தப்பா எழுதுற ஆளு, தப்புன்னு எழுதிக் குடுத்தா எப்படி நம்பறது?"

ஜினசேனனுக்குக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

டாக்டரிடம் போனார். மாத அறிக்கை மெட்ராசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் எண்ணை இனி மாற்ற முடியாது. கேஸை முடிக்கும் படிவத்தில் மூன்றே கட்டம்: குணம், மரணம், வேறு ஆஸ்பத்திரி. "தப்பா எழுதிட்டோம்னு கட்டம் இல்லியே. மூணுல எது வேணும்னு அவரையே கேளு," என்றார் டாக்டர்.

ஆதிமூலம் படிவத்தை வாங்கி மூன்று கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"குணமே போட்டுடுங்க சார்."

852, குணம். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலை ஆதிமூலம் பஸ்ஸை எடுத்துவிட்டார். ஜினசேனனுக்குத்தான் அன்று சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாயுமுன் இலையில் வட்டித்த சோறு இறங்கவில்லை.

"ஒரு ஆளு பொழைச்சதுக்கா இப்படி ஒக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி மருதேவி.

இரண்டு மாதத்தில் மெட்ராசிலிருந்து கடிதம். அறுவை வசதியே இல்லாத ஆஸ்பத்திரியில் மூளைக்காயம் ஆறு வாரத்தில் பூரண குணமானது வியப்பளிக்கிறது. சிகிச்சை முறையை விவரமாக எழுதவும்.

"உன் நம்பர்தானே, நீயே எழுது," என்று டாக்டர் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

இனி பொய் எழுதுவதில்லை என்று ஜினசேனன் முடிவு செய்துவிட்டார். "இடது பாதத்தில் மாவுக்கட்டு, ஆறு வாரம். அதுவரை நடக்கக்கூடாது." அதன் கீழே, சரியான எண் 825 என்றும் பிழை தன்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். சீட்டுக் கிழியும் என்று தினமும் தபாலை எதிர்பார்த்தார்.

வந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே நாற்பது கட்டு மாவுத்துணி, ஒரு குறிப்பு: சோதனையைத் தொடரவும். பிழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த வருஷ மழைக்குக் கோட்டைப் படி வழுக்கி ஒரே வாரத்தில் ஐந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் தாராளமாகவே கட்டுப் போட்டார் டாக்டர். ஜினசேனன் ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார். "எட்டு... ரெண்டு... அஞ்சு..." விறகு பொறுக்கப் போய் விழுந்த தொண்டூர் பூவாயி அதை மந்திரம் என்றே நினைத்துக்கொண்டாள். காலை நீட்டியபடி, அவர் முடிக்கும்வரை கண்ணை மூடிக் கும்பிட்டிருந்தாள்.