ஞாயிற்றுக்கிழமை வராத மாணவிகள்

நான் வேலூர்க்காரி. ஆம்பூரில் அரசு திறந்தநிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர் வழிப் பாடமையம் என் பொறுப்பில் இருக்கிறது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிப் பெண்கள். வேலைக்குப் போகிறவர்களாயிற்றே என்று ஞாயிறுதோறும் வகுப்பு வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை.

"ஆள் வராவிட்டால் மூடிவிடுவோம்" என்றது மேலிடம். அன்று சாயங்காலமே மாணவி ஷகிலாவின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"இன்னா டீச்சர், தொழுகை நாளுன்னு எங்க கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயித்துக்கிழமை வேலையாச்சே!"

"சேரும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஊருக்கே தெரியுமே. உங்களுக்கு மட்டும் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமைக்கு மாற்றியதும் உட்கார இடமில்லை. இப்போது யார் சேர வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்பே லீவு என்றைக்கு என்று கேட்டுவிடுகிறேன்.

மேலிடத்திலிருந்து நேற்று போன்: "ஞாயிற்றுக்கிழமை ஏன் மையம் பூட்டிக் கிடக்கிறது?"