பச்சை பூசிய சிவப்பு நட்டுகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் பட்டறையில் உலகப் போர்க் காலத்து ராணுவ லாரிகளைப் பழுது பார்த்து விற்கிறோம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் முதலாளி.

அந்த லாரிச் சக்கரத்தில் இரண்டு வரிசை நட்டுகள் உண்டு. ஒரு வரிசை சக்கரத்தை லாரியோடு பிடிக்கும். இன்னொரு வரிசை ரிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும். டயரில் காற்று இருக்கும்போது இதைக் கழற்றினால் ரிம் தெறித்து ஆளையே கொன்றுவிடும். அதனால் இந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பது வழக்கம்.

விற்கப்போகும் ஒரு லாரியில் என் மகன் அதன்மேலும் லாரியின் பச்சையையே அடித்துவிட்டான்.

"போட்டோல அசிங்கமா இருக்கும்மா. வாங்குற சேட்டன் ஒரே கலர் கேட்டாரு" என்றான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

கும்பளங்கிக்கு அந்த லாரியைக் கொடுக்கப் போனபோது நானும் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு டயரில் காற்று குறைந்தது. பஞ்சர் கடையில் நிறுத்திவிட்டு மகன் சாயா குடிக்கப் போனான். நான் மெதுவாக இறங்கி வந்து பார்த்தால், கடைக்காரர் சிவப்பாக இருக்க வேண்டிய நட்டு ஒன்றைக் கழற்றியே விட்டிருந்தார்.

"கைய எடுடா!" என்று கத்தினேன்.

"எந்தா அம்மே, எனக்கே டயர் கழட்டப் படிப்பிக்கிறீங்களா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார்.

சாயா கிளாசோடு வந்த மகன், "ஒண்ணும் ஆகலையே, விடும்மா" என்கிறான்! அந்த மனிதர் செத்திருந்தால்?

இப்போது சிவப்பை நானே அடிக்கிறேன். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் ஒருவர், ஒரே நிறமாக இருந்தால்தான் எடுப்பேன் என்றார். வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்த வியாபாரம் போனதிலிருந்து மகன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.